டெஸ்லா காயில்: கெப்பாசிட்டர் வாங்கும் முன் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள்

டெஸ்லா காயில் (காற்றில் நீளமான தீப்பொறி பாயவிடும் உயர் மின்னழுத்தச் சுருள்) கட்டத் தொடங்கிய ஒருவரின் கேள்வி இது: "110 மி.மீ. பிவிசி குழாயில் 0.5 மி.மீ. எனாமல் கம்பியை 50 செ.மீ. உயரத்துக்குச் சுற்றி வைத்திருக்கிறேன். பழைய மைக்ரோவேவ் அடுப்பில் கழற்றிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கையில் இருக்கிறது. இதற்கு எந்தக் கெப்பாசிட்டர் வாங்குவது? மற்ற உறுப்புகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?"

நீங்கள் சுற்றிய செகண்டரி (மேலே தீப்பொறி கிளம்பும் உயரமான சுருள்) நன்றாகவே இருக்கிறது, அதைப் பத்திரமாக வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள். கெப்பாசிட்டருக்கு இன்னும் பணம் போட வேண்டாம். தீப்பொறி இடைவெளி (கெப்பாசிட்டர் நிரம்பியதும் தீப்பொறி பாய்ந்து சுவிட்ச் மாதிரி இணைத்துவிடும் சிறு காற்று இடைவெளி) வைத்த டெஸ்லா காயிலில் எந்த உறுப்பையும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. டிரான்ஸ்ஃபார்மர் கெப்பாசிட்டரின் அளவைச் சொல்லும். செகண்டரியும் மேலே உட்காரும் வளையமும் சேர்ந்து அதிர்வெண்ணைச் சொல்லும். இந்த இரண்டும் தெரிந்த பிறகு பிரைமரிக்கு (செகண்டரியின் அடியில் இருந்து அதற்கு ஆற்றல் தரும் தடித்த சுருள்) எத்தனை சுற்று என்பது கணக்காகவே வந்து விழும். நீங்கள் சங்கிலியின் நடுவில் கைவைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் கம்பி சுற்றுவதுதான் பார்க்க ஆசையாக இருக்கும் வேலை.

முதலில் அந்த மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் ஏன் வேண்டாம் என்று பார்ப்போம். அது தருவது சுமார் 2,000 வோல்ட். கெப்பாசிட்டரில் சேரும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 நானோஃபாரட் கெப்பாசிட்டரை 2,000 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் உச்சத்துக்கு ஏற்றினால் 0.04 ஜூல்தான் தேறும். அதே கெப்பாசிட்டரை 17,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் கிட்டத்தட்ட ஒன்றரை ஜூல். 15,000 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் செய்வதை 2,000 வோல்ட்டில் செய்ய வேண்டுமென்றால் கெப்பாசிட்டர் ஐம்பது மடங்குக்கும் மேல் பெரிதாக வேண்டும். தீப்பொறி இடைவெளியோ ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். அவ்வளவு நெருங்கிய இடைவெளியில் தீப்பொறி பற்றினால் அணையாது, வெல்டிங் மாதிரி எரிந்துகொண்டே இருக்கும். இரண்டு, நான்கு என்று தொடரில் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. முதல் காயிலுக்கு அது வேண்டாம். காரணம் உயிர் பயம். அந்த டிரான்ஸ்ஃபார்மர் அரை ஆம்பியருக்கு மேல் தயங்காமல் தரும், மின்னோட்டத்துக்குத் தானாகக் கடிவாளம் போட்டுக்கொள்ளும் அமைப்பு அதில் போதுமான அளவு இல்லை. தொட்டவர் பிழைப்பது அரிது. அதன் மெல்லிய கம்பிச் சுற்றை வெட்டி எடுத்துவிட்டு, தடித்த கேபிளை இரண்டு சுற்று சுற்றினால் நல்ல ஸ்பாட் வெல்டர் கிடைக்கும். அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வேண்டியது நியான் விளக்குப் பலகைகளுக்குப் பயன்படும் பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். 15,000 வோல்ட், 30 மில்லிஆம்பியர் என்று பெயர்ப்பலகையில் இருந்தால் உங்கள் செகண்டரிக்கு அளந்து தைத்த சட்டை. 9,000 அல்லது 12,000 வோல்ட் கிடைத்தாலும் பரவாயில்லை, கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இந்த வகையின் சிறப்பு என்னவென்றால், உள்ளே இருக்கும் காந்தத் தடுப்புகள் மின்னோட்டத்தைத் தாமாகவே கட்டுப்படுத்தும். வெளியீட்டின் இரண்டு முனைகளையும் நேராகச் சேர்த்துச் சுருக்கினாலும் (ஷார்ட் சர்க்யூட் செய்தாலும்) 30 மில்லிஆம்பியரைத் தாண்டாது. தீப்பொறி இடைவெளி என்பது ஒவ்வொரு முறை எரியும்போதும் டிரான்ஸ்ஃபார்மரைச் சுருக்கிவிடுகிற சமாச்சாரம், அதனால் இந்தக் குணம் இல்லாமல் முடியாது. கட்டுப்பட்ட மின்னோட்டம் என்றதும் பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம். 30 மில்லிஆம்பியரும் ஆளைக் கொல்லப் போதும்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, எடை. கையில் எடுத்தால் லேசாக, பிளாஸ்டிக் பெட்டியில், வெளியீடு இத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் அது மின்னணு வகை, நமக்கு ஆகாது. இரும்பு வகையைத் தூக்கினால் கை இறங்கும், உள்ளே தார் ஊற்றியிருப்பார்கள். இரண்டு, எர்த் கசிவைக் கண்டால் தானே நின்றுவிடும் பாதுகாப்புச் சுற்று. புதிய டிரான்ஸ்ஃபார்மர்களில் இது இருக்கும், காயிலோடு சேர்த்தால் நொடியில் நின்றுவிடும். அதனால்தான் பழைய சரக்குக்கு மவுசு. அது கிடைக்கவே இல்லையென்றால், எண்ணெய் பர்னர்களைப் பற்றவைக்கப் பயன்படும் 10,000 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் அடுத்த தெரிவு. அது நீண்ட நேரம் ஓடுவதற்குச் செய்யப்பட்டதல்ல, விட்டுவிட்டு ஓட்டுங்கள். கார் இக்னிஷன் காயில், பழைய டிவியின் ஃப்ளைபேக் இரண்டும் விரல் நீளத் தீப்பொறிக்கு மேல் தராது.

சரி, 15,000 வோல்ட், 30 மில்லிஆம்பியர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 450 வாட். காயில் கட்டுகிறவர்களிடம் ஓர் அனுபவக் கணக்கு உண்டு: வாட்டின் வர்க்கமூலத்தை 4.3ஆல் பெருக்கினால் தீப்பொறியின் நீளம் சென்டிமீட்டரில் வரும். 450 வாட்டுக்கு 90 செ.மீ. இது எல்லாம் கச்சிதமாக அமைந்த காயிலுக்கான எண். முதல் காயிலில் 50 செ.மீ. பார்த்தாலே நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இப்போது கெப்பாசிட்டர். நீங்கள் கேட்டதும் இதைத்தான், பணம் அதிகம் போவதும் இங்கேதான். டிரான்ஸ்ஃபார்மரின் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் 15,000 ÷ 0.03 = 5,00,000 ஓம். 50 ஹெர்ட்ஸில் இதே அளவு எதிர்ப்பைக் காட்டும் கெப்பாசிட்டர் 6.4 நானோஃபாரட். 60 ஹெர்ட்ஸ் மின்சாரமாக இருந்தால் 5.3. இதை ஒத்ததிர்வு மதிப்பு என்பார்கள். பழைய குறிப்புகள் பலவற்றில் "இந்த மதிப்பையே போடு, டிரான்ஸ்ஃபார்மரின் முழுத் திறனும் வெளியே வரும்" என்று இருக்கும். நானும் அதை நம்பித்தான் முதல் காயிலைக் கட்டினேன். முழுத் திறனும் வந்தது, இரண்டு வாரம். ஒரு நாள் தீப்பொறி இடைவெளி கொஞ்சம் அகன்றிருந்ததைக் கவனிக்காமல் சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. சில நொடிகளில் தார் வாசனை மட்டும் வந்தது, டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பாதி செத்துப்போயிருந்தது. இடைவெளியில் தீப்பொறி வெடிக்காதபோது டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் 50 ஹெர்ட்ஸிலேயே ஒன்றையொன்று ஊஞ்சல் மாதிரி உந்தி, மின்னழுத்தத்தைப் பெயர்ப்பலகையில் இருப்பதைவிடப் பல மடங்கு ஏற்றிவிடும். பெரும்பாலான நியான் டிரான்ஸ்ஃபார்மர்களில் நடுப்புள்ளி உடலோடு இணைந்திருப்பதால், ஒவ்வொரு பாதியின் காப்பும் 7,500 வோல்ட்டை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. அந்த ஏற்றத்தை அதனால் தாங்க முடியாது.

எனவே வேண்டுமென்றே ஒத்ததிர்வு மதிப்பைவிடப் பெரிய கெப்பாசிட்டரைப் போடுங்கள். நிலையான இடைவெளிக்கு ஒன்றரை மடங்கு என்பது நல்ல கைக்கணக்கு. 6.4 × 1.5 = 9.6, அதாவது 10 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 10 நானோஃபாரட் எதனால் செய்யப்பட்டது என்பது அளவைவிட முக்கியம். பிரைமரிச் சுற்றில் நூற்றுக்கணக்கான ஆம்பியர், நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திசை மாறி ஓடும். மின்கடத்தாப் பொருளில் சிறிது இழப்பு இருந்தாலும் கெப்பாசிட்டர் அடுப்பாகிவிடும். பாலிப்ரொப்பிலீன் படலம்தான் வேண்டும். பாலியெஸ்டர் படலம் வெளியே பார்க்க அதே மாதிரி இருக்கும், விலையும் குறைவு, ஆனால் அதன் இழப்பு பல மடங்கு அதிகம், உருகிவிடும். மைக்ரோவேவ் அடுப்பின் எண்ணெய்க் கெப்பாசிட்டர் 50 ஹெர்ட்ஸுக்கானது. பெரிய செராமிக் வில்லைகளில் பெரும்பாலானவை சூடேற ஏற மதிப்பு மாறும், காயில் சுருதி விலகிப்போகும். எலக்ட்ரோலிட்டிக் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒரே பெரிய கெப்பாசிட்டர் கிடைப்பது கடினம் என்பதால், சின்னச் சின்ன பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர்களைத் தொடரில் கோத்து மாலையாக்குவதே இன்றைய வழக்கம். கார்னெல் டுபிலியர் நிறுவனத்தின் 942சி வரிசையில் வரும் 0.15 மைக்ரோஃபாரட், 2,000 வோல்ட் டிசி வகை இந்த வட்டாரத்தில் கிட்டத்தட்ட நாணயம் மாதிரி புழங்குகிறது. 15 எண்ணம் தொடரில் போட்டால் 0.15 ÷ 15 = 0.01 மைக்ரோஃபாரட், சரியாக நமக்கு வேண்டிய 10 நானோஃபாரட். மொத்தத் தாங்குதிறன் 30,000 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணுக்கு இரண்டு மடங்கு. இந்த இரண்டு மடங்கைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தாங்குதிறனைப் பார்த்ததோடு நிற்காமல், தரவுத்தாளில் இன்னொரு எண்ணையும் தேடுங்கள்: ஒரு மைக்ரோநொடியில் எத்தனை வோல்ட் மாற்றத்தைத் தாங்கும் என்பது. உங்கள் காயில் 230 கிலோஹெர்ட்ஸில் ஓடப்போகிறது (எப்படி என்று கீழே வருகிறது). இடைவெளி 17,000 வோல்ட்டில் வெடிப்பதாக வைத்தால், ஒவ்வொரு கெப்பாசிட்டரின் பங்கும் 1,133 வோல்ட். அதை 2π × அதிர்வெண்ணால் பெருக்கினால் மைக்ரோநொடிக்கு 1,640 வோல்ட் வரும். தரவுத்தாளில் இருக்கும் வரம்பு இதைவிட அதிகமாக இருக்க வேண்டும். இடைவெளியை டிரான்ஸ்ஃபார்மரின் முழு உச்சமான 21,000 வோல்ட் வரை அகட்டினால் இது 2,000ஐத் தாண்டிவிடும். பாதி மதிப்புள்ள கெப்பாசிட்டர்களை வைத்து இரண்டு மாலையாகப் பக்கவாட்டில் இணைத்தால் சுமை பிரியாதா என்று சிலர் கேட்பார்கள். ஆம்பியர் பிரியும், ஆனால் ஒவ்வொன்றின் மேலும் விழும் வோல்ட் அப்படியேதான் இருக்கும், அதனால் இந்த வரம்பில் எந்த லாபமும் இல்லை. தொடரில் எண்ணிக்கையைக் கூட்டினால்தான் குறையும். அப்போது மொத்த மதிப்பு இறங்கி ஒத்ததிர்வுப் பக்கம் போய்விடும், அதைச் சரிக்கட்ட இன்னொரு மாலை வேண்டும், செலவு இரட்டிக்கும். ஆகவே 15 எண்ணத்தோடு நிறுத்தி, இடைவெளியைக் கட்டுப்பாட்டில் வைப்பதே என் தெரிவு.

ஒவ்வொரு கெப்பாசிட்டரின் குறுக்கேயும் வடிகால் ரெசிஸ்டர் அவசியம். அரை வாட் 10 மெகாஓம் ஒன்று போடுவது வழக்கம். நான் 4.7 மெகாஓம் இரண்டைத் தொடரில் போடுவேன், ஏனென்றால் சாதாரண அரை வாட் ரெசிஸ்டர் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தாங்கும் என்று எந்தத் தரவுத்தாளும் சொல்வதில்லை. இப்படிப் போட்டால் அணைத்த ஏழெட்டு நொடிகளில் மாலை காலியாகிவிடும். அப்படியும், காப்பிட்ட கைப்பிடி வைத்த கம்பியால் இரண்டு முனைகளையும் தொட்டுச் சுருக்கிய பிறகே கைவைக்க வேண்டும்.

கையில் காசில்லாதவர்களுக்கு உப்புத்தண்ணீர் பாட்டில் வழி ஒன்று உண்டு. கண்ணாடி பாட்டிலுக்குள் அடர்த்தியான உப்புக்கரைசல், வெளியே அலுமினியத் தாள், மேலே கொஞ்சம் எண்ணெய். ஒரு பாட்டில் ஒரு நானோஃபாரட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும், பத்துப் பன்னிரண்டு பாட்டிலைப் பக்கவாட்டில் இணைக்க வேண்டும். கண்ணாடியின் இழப்பு அதிகம், சூடாகும், சில நேரம் துளைத்துக்கொண்டு ஒழுகும். காயில் வேலை செய்கிறதா என்று பார்க்கப் போதும்.

செகண்டரிக்கு வருவோம். 50 செ.மீ. உயரத்தில் எனாமல் தடிமனையும் சேர்த்தால் உங்களுக்கு ஏறக்குறைய 900 சுற்று வந்திருக்கும். உயரம் விட்டத்தைப்போல நாலரை மடங்கு, இந்த அளவுக் காயிலுக்கு இது அருமையான விகிதம். சுற்றுகள் 800 முதல் 1,200 வரை இருக்கலாம். மெல்லிய கம்பியில் இரண்டாயிரம் சுற்று சுற்றினால் மின்னழுத்தம் இரட்டிக்கும் என்று நினைப்பது தவறு. சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி சுற்றுகளின் விகிதத்தில் இங்கே மின்னழுத்தம் ஏறுவதில்லை. பிரைமரிக் கெப்பாசிட்டரில் இருந்த ஆற்றல் அப்படியே மேல் வளையத்தின் சின்னக் கொள்ளளவுக்கு (கெப்பாசிட்டர் மாதிரி மின்னூட்டம் சேர்த்துவைக்கும் அளவு) மாறும்போதுதான் ஏறுகிறது.

1928இல் வீலர் தந்த சூத்திரத்தில் உங்கள் அளவுகளைப் போட்டால் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு) 17.6 மில்லிஹென்றி. சுருளுக்குத் தானாகவே இருக்கும் கொள்ளளவு 8 பைக்கோஃபாரட். மேலே எதுவும் வைக்காமல் இதன் அதிர்வெண் சுமார் 424 கிலோஹெர்ட்ஸ். கம்பியின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும் என்ற விதியை எங்காவது படித்திருப்பீர்கள். உங்கள் கம்பியின் நீளம் 312 மீட்டர். 424 கிலோஹெர்ட்ஸின் கால் அலைநீளமோ 177 மீட்டர். விதி எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதை மறந்துவிடுங்கள்.

பிவிசி குழாய் ஈரம் குடிக்கும். சுற்றுவதற்கு முன் வெயிலிலோ மிதமான சூட்டிலோ உலர்த்தி, உள்ளும் புறமும் வார்னிஷ் அடித்திருக்க வேண்டும். சுற்றியாகிவிட்டது என்றால் இப்போது உலர்த்தி, மேலே பாலியூரிதேன் வார்னிஷ் மூன்று நான்கு பூச்சு கொடுங்கள். குழாய் கறுப்பு நிறமா? கார்பன் கலந்திருக்க வாய்ப்புண்டு, அதில் சுற்றியிருந்தால் வருத்தத்தோடு பிரித்துவிடுங்கள். கம்பியின் முனையைத் துளை போட்டுக் குழாய்க்குள் விடவே கூடாது, மேல் முனையிலிருந்து கீழ் முனைக்குத் தீப்பொறி உள்வழியாகவே பாயும். முனையை வெளியிலேயே ஒட்டி நிறுத்துங்கள். உலோகத் திருகாணி எதுவும் வேண்டாம்.

மேல் வளையத்துக்குக் காற்றோட்டக் குழாய்க்கு வைக்கும் மடிப்பு அலுமினியக் குழாயை வளைத்து, நடுவில் அலுமினியத் தகடோ, தாள் ஒட்டிய பலகையோ வைத்தால் போதும். குழாயின் தடிமன் செகண்டரியின் விட்டத்துக்குச் சமமாக, அதாவது 11 செ.மீ., முழு வளையத்தின் வெளிவிட்டம் 45 செ.மீ. இதற்கு 19 அல்லது 20 பைக்கோஃபாரட் கொள்ளளவு வரும். செகண்டரியின் எட்டையும் கூட்டினால் 27 அல்லது 28. அதிர்வெண் 230 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆசையில் ஒரு மீட்டர் வளையம் வைத்தால் மேற்பரப்பில் மின்புலம் பரவிப்போய், தீப்பொறி கிளம்பவே கிளம்பாது. 45 செ.மீ. வளையத்திலும் முதலில் ஒரு கூரான கம்பியைச் செருகி வையுங்கள், எங்கே கிளம்ப வேண்டும் என்று நீங்கள் சொன்ன இடத்தில் கிளம்பும்.

இனி பிரைமரி. 230 கிலோஹெர்ட்ஸ், 10 நானோஃபாரட் இரண்டும் கையில் இருக்கின்றன, தேவையான இண்டக்டன்ஸ் 48 மைக்ரோஹென்றி. 6 மி.மீ. மென்மையான செம்புக் குழாயைத் தட்டையான சுருளாக, குழாய்க்குக் குழாய் 6 மி.மீ. இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். உள் ஆரம் 9 செ.மீ. என்றால் பதினொன்றரைச் சுற்றில் 48 வந்துவிடும். ஆனால் 14 சுற்று போடுங்கள். தீப்பொறிகள் காற்றில் நீளும்போது அவையும் கொள்ளளவைக் கூட்டி செகண்டரியின் அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும், அதைத் துரத்திக்கொண்டு நீங்கள் வெளிப்பக்கம் போக வேண்டியிருக்கும். மொத்தம் 16 மீட்டர் குழாய் தேவைப்படும். உயர் அதிர்வெண் மின்னோட்டம் தோலோடு ஓடுவதால் உள்ளே வெற்றாக இருப்பது நட்டமில்லை. செகண்டரியைச் சுற்றி உயரமான உருளையாகப் பிரைமரியைக் கட்டாதீர்கள், இரண்டு சுருளுக்கும் இடையிலான காந்தப் பிணைப்பு மிகையாகி செகண்டரியின் உடம்பிலேயே தீப்பொறி ஓடும். வெளிச்சுற்றுக்கு மேலே மூன்று நான்கு செ.மீ. உயரத்தில் ஒரு பாதுகாப்பு வளையம் வைத்து எர்த்தோடு இணையுங்கள். மேலிருந்து விழும் தீப்பொறி பிரைமரியில் விழுந்தால் நேரே கெப்பாசிட்டருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் போகும், இந்த வளையம் அதைப் பிடித்துக்கொள்ளும். வளையத்தை முழு வட்டமாக மூடிவிடாதீர்கள், ஓரிடத்தில் இரண்டு செ.மீ. வெட்டு இருக்க வேண்டும். மூடினால் அது சுருக்கப்பட்ட ஒரு சுற்றாகி ஆற்றலைத் தின்றுவிடும்.

தீப்பொறி இடைவெளியை இணையத்தில் இரண்டு போல்ட்டாகக் காட்டுவார்கள். அதுவும் ஓடும், மோசமாக. இடைவெளி சட்டென்று பற்றவும் வேண்டும், ஆற்றல் செகண்டரிக்குப் போனவுடன் சட்டென்று அணையவும் வேண்டும். அணையாவிட்டால் போன ஆற்றல் திரும்பி வந்து இடைவெளியிலேயே வெப்பமாகக் கரையும். டெஸ்லா 1891இல் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்தே இந்த அணைக்கும் பிரச்சினையோடு மல்லுக்கட்டியிருக்கிறார். காந்தம் வைத்தும் காற்றை ஊதியும் பார்த்திருக்கிறார். உங்களுக்கு நான் சொல்வது: 5 முதல் 8 செ.மீ. நீளச் செம்புக் குழாய்த் துண்டுகள் ஏழெட்டை ஒன்றுக்கொன்று இணையாக, 0.7 மி.மீ. இடைவெளிகளோடு பெரிய பிவிசி குழாயின் உட்சுவரில் வரிசையாகப் பொருத்தி, பின்னால் ஒரு மின்விசிறி வையுங்கள். பல சிறு இடைவெளிகளில் வெப்பம் பிரிந்துபோகும், வேகமாக அணையும். எத்தனை இடைவெளி என்பதைச் சோதித்துத்தான் வைக்க வேண்டும். கெப்பாசிட்டரையும் பிரைமரியையும் கழற்றிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரோடு இடைவெளியை மட்டும் இணையுங்கள். முழு மின்னழுத்தத்தில் தவறாமல் வெடிக்கிறதா? அந்த அளவில் நிறுத்துங்கள். கெப்பாசிட்டரை மாட்டிய பிறகு தீப்பொறி நீளத்துக்கு ஆசைப்பட்டு அகட்டாதீர்கள். என் டிரான்ஸ்ஃபார்மர் அப்படித்தான் போனது.

சுழலும் இடைவெளி பற்றிக் கேட்பீர்கள். மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு ஒத்து ஓடும் மோட்டார் இருந்தால் பிரமாதம், அப்போது கெப்பாசிட்டரையும் இன்னும் பெரிதாக்க வேண்டும். ஏதோ ஒரு மோட்டாரை மாட்டி இஷ்டத்துக்குச் சுழலவிட்டால் நியான் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. இரண்டாவது காயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரைக் காக்க அதன் வெளியீட்டிலேயே ஒரு பாதுகாப்பு இடைவெளி போடுங்கள். மூன்று குமிழ்கள், நடுக்குமிழ் எர்த்தோடும் டிரான்ஸ்ஃபார்மர் உடலோடும் இணைந்திருக்கும். எதுவும் இணைக்காத டிரான்ஸ்ஃபார்மர் முழு மின்னழுத்தத்தில் இருக்கும்போது வெடிக்காத அளவுக்கு மட்டும் அகட்டி வையுங்கள். அதோடு ஒவ்வொரு வெளியீட்டு முனையிலிருந்தும் 1 கிலோஓம், 50 வாட்டுக்குக் குறையாத கம்பிச்சுற்று ரெசிஸ்டர் ஒன்று போனால், காயிலிலிருந்து திரும்பி வரும் உயர் அதிர்வெண் அடங்கும். பழைய வரைபடங்களில் அந்த இடத்தில் சோக் காயில் இருக்கும். அது தானே அதிரத் தொடங்கிப் புதுத் தலைவலி தரும், ரெசிஸ்டரே மேல். முக்கிய இடைவெளி டிரான்ஸ்ஃபார்மரின் குறுக்கே வரட்டும், கெப்பாசிட்டர் பிரைமரியோடு தொடரில் போகட்டும். இடத்தை மாற்றிக் கெப்பாசிட்டரை டிரான்ஸ்ஃபார்மரின் குறுக்கே போட்டால் உயர் அதிர்வெண் முழுவதும் அதன் காப்பின் மேல் விழும்.

எர்த்தில் கஞ்சத்தனம் வேண்டாம். செகண்டரியின் கீழ் முனை, பாதுகாப்பு வளையம், பாதுகாப்பு இடைவெளியின் நடுக்குமிழ், டிரான்ஸ்ஃபார்மரின் உடல் நான்கும் தனியாக மண்ணில் அடித்த இரண்டு மீட்டர் செம்புத் தண்டுக்குப் போக வேண்டும், அகலமான பட்டையில், குறுகிய வழியில். வீட்டு எர்த் கம்பியில் செகண்டரியை மாட்டினால் அந்தக் கம்பி போகும் எல்லா அறைக்கும் காயிலின் மின்னழுத்தம் விருந்துக்குப் போகும். கணினி, ரவுட்டர், டிவி எது முதலில் சாகும் என்பது அதிர்ஷ்டம். மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் ஒரு இரைச்சல் வடிகட்டி, ஃபியூஸ், சாவி போட்டு எடுக்கக்கூடிய சுவிட்ச், மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வேரியாக். விருப்பம் இருந்தால் 230 வோல்ட் பக்கத்தில் 27 மைக்ரோஃபாரட் மோட்டார் ரன் கெப்பாசிட்டர், அது லைனில் இழுக்கும் மின்னோட்டத்தைக் குறைக்கும். அவசியமில்லை.

பாதுகாப்பில் ஒரே ஒரு கட்டுக்கதையை மட்டும் உடைத்துவிடுகிறேன். உயர் அதிர்வெண் மின்சாரம் தோலோடு போய்விடும், உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். செம்பில் அது உண்மை. உடம்பு செம்பைவிடப் பல கோடி மடங்கு மோசமான கடத்தி. 230 கிலோஹெர்ட்ஸில் அது நுழையும் ஆழம் நம் உடம்பின் பருமனைவிட அதிகம், அதாவது உள்ளே முழுவதும் பாயும். நரம்புகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காததால் அதிர்ச்சி தெரிவதில்லை, ஆனால் உள்ளே சுடும். அதோடு, நீளும் தீப்பொறி எப்போதாவது பிரைமரியைத் தொட்டால் அதன் வழியே 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் வந்துவிடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தக் கட்டிடத்திலேயே இருக்கக்கூடாது. காது அடைப்பான் போடுங்கள், இடைவெளியின் வெளிச்சத்தை நேராகப் பார்க்காதீர்கள், ஓசோன் வெளியேற ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எல்லாம் மாட்டியான பிறகு சுருதி சேர்ப்பது. முதலில் பிரைமரியைத் தொடாமல், செகண்டரியின் அடிமுனையில் ஒரு சிக்னல் ஜெனரேட்டரை இணைத்து, ஒரு மீட்டர் தள்ளி ஆசிலாஸ்கோப்பின் முனையைக் காற்றில் தொங்கவிட்டு, எங்கே அலை உச்சம் தொடுகிறது என்று பாருங்கள். நான் சொன்ன 230 உங்கள் கையில் 215 ஆகவோ 240 ஆகவோ இருக்கலாம். அந்த எண்ணைக் கொண்டு ஜாவாடிசி மாதிரியான இலவசக் கணிப்பானில் பிரைமரியை மறுபடி கணக்கிடுங்கள். பிறகு ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டு, அடிமுனையைத் திரும்பவும் எர்த்தில் இணைத்து, பிரைமரியின் எந்தச் சுற்றில் இணைப்பது என்பதை மாற்ற உதவும் கிளிப்பைக் கணக்கில் வந்த சுற்றில் மாட்டி, வளையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி எர்த் இணைத்த ஒரு கம்பியை நிறுத்தி, வேரியாக்கை மெல்ல ஏற்றுங்கள். தீப்பொறி பாய்ந்தால் அணைத்து, கெப்பாசிட்டரைச் சுருக்கி, கிளிப்பைக் கால் சுற்று வெளியே நகர்த்தி, கம்பியை இன்னும் தள்ளிவைத்து மறுபடி போடுங்கள். எந்த இடத்தில் வைத்தால் அதிக தூரம் பாய்கிறதோ அதுதான் உங்கள் சுற்று, பெரும்பாலும் கணக்கைவிட அரைச் சுற்றாவது வெளியே இருக்கும்.

அப்போது செகண்டரியின் உடம்பில் நீலக் கீற்றுகள் ஏறி இறங்கி ஓடினால், கிளிப்பில் தப்பு தேடுவதற்கு முன் செகண்டரியைப் பிரைமரியின் மட்டத்திலிருந்து இரண்டு செ.மீ. உயர்த்திப் பாருங்கள். அதற்காகவே அடியில் ஒவ்வொரு செ.மீ. தடிமனில் நாலைந்து பிளாஸ்டிக் வில்லைகள் வெட்டி வைத்திருங்கள்.